பெ-3 குழாயில் இருந்த ரத்தம்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். ஆபத்தான அளவில் ஒரு ரிசல்ட் வந்தால் அதுவே வார்டு டாக்டருக்குச் செய்தி அனுப்பிவிடுமாம். டெக்னீஷியன் யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் பயப்பட வேண்டாம். அதையொட்டித் துறையில் ஒரு மலர் போடுகிறார்கள். இப்போது அங்கே வேலை பார்க்கும் கலா போன் செய்தாள். "நூரக்கா, பழைய ஆளுங்கள்ல நீங்கதான் மிச்சம். அனுபவம் ஏதாவது எழுதிக் குடுங்க. கொஞ்சம் ஜாலியா இருந்தா நல்லது" என்றாள். எழுதித் தருகிறேன் என்றேன். ஜாலியாக இருக்காது என்று அப்போது சொல்லவில்லை. போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் கோட்டக்குப்பத்துப் பெண். என் அத்தா ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வார். அந்த வீட்டிலிருந்து ஊசி குத்தும் வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான். இரண்டு வருஷப் படிப்பு; அதில் பாதி நாள் கண்ணாடிக் குழாய் கழுவினோம். பிறகு புதுச்சேரிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், உயிர்வேதியியல் துறையில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு காரியம் செய்தேன். வார்டில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கும்போது நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. சிரிஞ்சை அழுத்தி இழுத்தேன். அப்படி இழுத்தால் ரத்த அணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். ரிசல்ட்டில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக வந்தது. அதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். அந்த மனிதருக்கு இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்க்க வார்டில் எல்லாம் தயார் செய்துவிட்டார்கள். எங்கள் துறைத் தலைவர் டாக்டர் சாம்பசிவம்தான் தற்செயலாக அந்தக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக இருந்தது. அவரே மாடிக்கு ஓடிப்போய் வைத்தியத்தை நிறுத்தினார். திரும்பி வந்து என்னைத் திட்டவில்லை. "விசித்திரமான நம்பர் வந்தா, மொதல்ல உன் கையச் சந்தேகப்படு. அப்புறமா நோயாளியப் பாரு" என்றார். வேலை போகாமல் காப்பாற்றியவர் சொன்ன வார்த்தை. அதைக் கடைசிவரை நம்பினேன்.

சாம்பசிவம் சாரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். உயரமானவர், குரல் எழும்பாது. தப்பான குழாயை இரண்டு விரலால் மேஜை விளிம்புக்கு நகர்த்தி வைப்பார். அதுதான் அவருடைய கோபம். எதையும் பென்சிலால்தான் எழுதுவார். "மறுபடியும்" என்பது அவர் வாயில் அதிகம் வந்த சொல். நான் ரத்தம் எடுக்கும்போது பின்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல் இருந்தால் தொண்டையைச் செருமுவார். அவர் வைத்தியம் படித்த டாக்டர் இல்லை. உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஒரு துளியை அளப்பதில் அவரைப் போல் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அந்தத் துளி யாருடையது என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. எனக்கும் அப்போது இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் அவருக்கு ஓர் ஆய்வு கிடைத்தது. குத்துச்சண்டை போடுகிறவர்களின் உடம்பில் நெருக்கடி ஹார்மோன் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் அட்ரினல் என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அடிபடப் போகிறோம், ஓடப் போகிறோம் என்று உடம்புக்குத் தெரிந்தால் அந்தச் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை அதிகமாக விடும். ரத்த அழுத்தம் விழுந்துவிடாமல் நிறுத்திப் பிடிப்பது அதுதான். உடம்பிலுள்ள உப்பு வீணாகப் போகாமல் தடுக்கும் ஹார்மோனும் அதே சுரப்பியிலிருந்துதான் வருகிறது. இதெல்லாம் பாடமாக எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

சுனாமி வந்துபோன மூன்றாம் மாதம் அது. மரக்காணத்துக்கு வெளியே, உப்பளத்தை ஒட்டி இருந்த புயல் பாதுகாப்புக் கட்டிடத்தில் தங்கியிருந்த ஜனங்கள் கலைந்து போயிருந்தார்கள். ராணுவத்தில் குத்துச்சண்டை ஆடி ஓய்வு பெற்ற தனசேகர் என்பவர் அந்தக் கூடத்தில் கயிறு கட்டி ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். ஏழு பையன்கள், நான்கு பெண்கள். ஆய்வில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. ஆ-1 முதல் ஆ-7 வரை, பெ-1 முதல் பெ-4 வரை. பெயர் வெளியே போகாது என்று அவர்களிடம் கையெழுத்து வாங்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தோம்.

காலை ஆறு மணிக்குக் கல்லூரி ஜீப்பில் ஐஸ் பெட்டியும் ரத்தம் பிரிக்கும் மெஷினுமாகப் போய் இறங்குவோம். கார்டிசால் காலையில் அதிகம், பொழுது ஏற ஏறக் குறையும். அதனால் நேரம் தவறக் கூடாது. ஒவ்வொருவரையும் பாயில் இருபது நிமிஷம் படுக்க வைப்போம். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. ஊசியைப் பார்த்த பயத்திலேயே அளவு ஏறிவிடும் என்பார் சார். முதல் ரத்தம் படுத்தபடி. இரண்டாவது, சண்டைக்கு ஐந்து நிமிஷம் முன்னால். மூன்றாவது, சண்டை முடிந்து இரண்டு நிமிஷத்துக்குள். இந்த மூன்றாவதில்தான் சார் உயிராக இருப்பார். கையுறையை அவிழ்க்க விடமாட்டார். முழங்கை மடிப்பைத் துடைத்துவிட்டு உடனே குத்த வேண்டும்.

பெ-3 என்பது அஞ்சலை. இருபது வயது. அவளுடைய அம்மா கன்னியம்மா உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். அப்பா இல்லை. ஜூன் மாதம் மாநில அணிக்குத் தேர்வு இருந்தது. அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு வழி உண்டு என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அம்மாவை உப்பிலிருந்து மேலே தூக்கிவிட அவளுக்குத் தெரிந்த ஒரே ஏணி அது.

"எவ்ளோக்கா எடுப்பீங்க?" என்றாள் முதல் நாள்.

"அஞ்சு மில்லி."

"இன்னும் கொஞ்சம் எடுத்துக்குங்க. வெயிட்டாச்சும் கொறையும்."

எடைதான் அவர்கள் எல்லாருக்கும் எமன். முந்தின வருஷம் நான்கு கிலோ இறக்குவதற்கு அஞ்சலை பட்டினி கிடந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உப்பளத்து வரப்பில் ஓடினாளாம். இந்த வருஷம் ஒன்றுமே செய்யாமல் எடை தானாக இறங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். "ஒடம்பு இப்பதான் சொன்ன பேச்சு கேக்குது" என்றார்.

ரத்தத்தை அன்றே சோதிக்க முடியாது. அப்போது கார்டிசால் பார்க்க மும்பையிலிருந்து கதிரியக்க மருந்துள்ள கிட் வர வேண்டும். வந்தால் சில வாரத்தில் அதன் வீரியம் போய்விடும். அதனால் சீரத்தைப் பிரித்து உறைய வைத்திருந்து, கிட் வந்ததும் சேர்ந்த குழாய்களை எல்லாம் ஒரே மூச்சில் ஓட்டுவோம். ஒவ்வொரு சீரத்துக்கும் இரண்டு குழாய். மருந்து விட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, கவிழ்த்து, ஒரு குழாய்க்கு ஒரு நிமிஷம் என்று கதிரியக்கத்தை எண்ணும் கவுன்ட்டரில் வைக்க வேண்டும். ஹார்மோன் குறைவாக இருந்தால் கவுன்ட்டரின் எண் அதிகமாக ஓடும். ஏப்ரல் நடுவில் ஒரு பகல் முழுக்க அதைச் செய்தேன். மற்ற பத்துப் பேருக்கும் காலையில் பன்னிரண்டு, பதினைந்து என்று இருந்து, சண்டைக்குப் பின் இருபத்தைந்து, முப்பது வரை ஏறியிருந்தது. பெ-3 குழாய்களை வைத்தபோது எண் ஓடிக்கொண்டே இருந்தது. கணக்குப் போட்டால் சண்டைக்கு முன் இரண்டு. சண்டைக்குப் பின்னும் இரண்டு.

தாளை சார் மேஜையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஐஸ் உருகிடுச்சா?"

"இல்ல சார்."

"மத்தவங்க குழாயும் அதே பெட்டிலதான வந்துச்சு?"

"ஆமா சார்."

"மறுபடியும்."

மறுபடியும் ஓட்டினேன். அதே இரண்டு. சார் அந்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டார். "எங்கயோ கெட்டுப்போச்சு. மே மாசம் புதுசா எடுத்துக்கலாம்" என்றார். என் கைதான் தப்புச் செய்திருக்கும் என்று நானும் நம்பினேன். இன்னும் சொல்லப்போனால் அவர் என்னைக் குறை சொல்லாமல் விட்டாரே என்று நிம்மதியாக இருந்தது.

மே மாதம் அஞ்சலையைப் பார்த்ததும், "இன்னாடி இப்படிக் கறுத்துட்டே?" என்று கேட்டேன். "உப்பளத்து வெயிலுக்கா, தார் கூட உருகுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கையை விரித்துப் பிடித்தபோது உள்ளங்கை ரேகைகள் மை தடவியதுபோல் இருந்தன. உப்பளத்துக் குடும்பத்துப் பெண்ணின் கை கறுத்திருப்பதில் என்ன அதிசயம் என்றுதான் நினைத்தேன். அவள் உப்பள வேலையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, காலை ஓட்டம் தவிர நாள் முழுக்கக் கூரைக்குக் கீழேதான் பயிற்சி செய்கிறாள், அதே வெயிலில் ஓடும் மற்ற மூன்று பெண்களும் இப்படிக் கறுக்கவில்லை. இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நான் கூட்டவில்லை.

மார்ச்சில் கண்ணுக்குத் தெரிந்த நரம்பு, மே மாதம் தடவினாலும் அகப்படவில்லை. அன்று இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று. ஐஸ் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மாதக் கடைசியில் கிட் வந்தது. பெ-3, சண்டைக்கு முன் ஒன்று புள்ளி எட்டு. பின்னால் ஒன்று புள்ளி ஒன்பது.

இந்த முறை என் கையைச் சந்தேகப்பட முடியவில்லை. சாரிடம் அதைச் சொன்னேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு மலர்ச்சி வந்தது.

"நூர், இது மிஸ்டேக் இல்ல. இந்தப் பொண்ணுக்கு பயமே வர்றதில்ல. அடி வாங்கறதுக்கு முன்னாடியும் அதே லெவல், அப்புறமும் அதே லெவல். ஸ்ட்ரெஸ்ஸே ஆகாத ஒடம்பு. இத மட்டும் தனிப் பேப்பராவே எழுதலாம்."

"மெடிசின்ல யார்கிட்டயாச்சும் காட்டலாமா சார்?"

"எதுக்கு? அவ பேஷண்ட் இல்லியே. ரிசர்ச்சுக்குக் குடுத்த ரத்தம். பேரு வெளிய போகக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துருக்கோம்."

மெடிசின் டாக்டர்கள் இருவரைத் தினமும் கேன்டீனில் பார்ப்பேன். பெயரைச் சொல்லாமல் நம்பரை மட்டும் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். சாருக்குத் தெரிந்தால் அவரை மீறிப் போனதாக நினைப்பாரே என்று பயந்தேன். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போகக் கூடாத பெயர் மாஸ்டரிடம் போயிற்று. அடுத்த வாரம் சாரே முகாமுக்கு வந்து, மாஸ்டரைத் தனியாக அழைத்து, "உங்க அஞ்சலைக்கு பயங்கிறதே கெடையாது சார், ரத்தமே சொல்லுது" என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்றுமுதல் அது முகாமுக்கே தெரிந்த செய்தி. அதற்குள் அஞ்சலைக்குக் காலையில் வாந்தி வர ஆரம்பித்திருந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றும். சொன்னால் மாஸ்டர் சிரிப்பார். "லேப்லயே சொல்லிட்டாங்க, ஒனக்கு எதுவும் ஆவாதுன்னு. சும்மா நடிக்காத, போய் ஓடு" என்பார். அவர் கெட்டவர் இல்லை. படித்தவர்கள் சொன்னதை நம்பினார். அந்தப் பிள்ளையும் நம்பினாள். தன் உடம்பைவிட எங்கள் காகிதத்தை நம்பினாள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது மாஸ்டர் எல்லாருக்கும் உப்பை நிறுத்தினார். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், எடை ஏறும் என்பது அவர்கள் தொழிலில் பழைய வழக்கம். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு இருக்க வேண்டும் என்பது சாருடைய நிபந்தனை. யாராவது ஒளித்துத் தின்றால் சொல்ல வேண்டும் என்று என்னிடமும் சொல்லிவைத்திருந்தார்கள்.

அந்த வாரம் நான் போனபோது அஞ்சலை பாயில் இல்லை. தேடிக்கொண்டு கட்டிடத்துக்குப் பின்னால் போனேன். வரப்போரம் குந்திக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து கல்லுப்பை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்றே அஞ்சலை?"

அவள் பையை மறைக்கக்கூட இல்லை. "சோறே எறங்கலக்கா. இத நக்கினாதான் கொஞ்ச நேரம் நிக்க முடியுது."

நிற்க முடிகிறது என்றாள். அதைவிடத் தெளிவாக எந்த நோயாளியும் எந்த டாக்டரிடமும் சொல்லியிருக்க மாட்டார். என் காதில் விழுந்ததோ வேறு. இந்தப் பெண் உப்புத் தின்றால் என் சாம்பிள் கெட்டுப்போகும் என்பதுதான் என் மண்டையில் ஓடியது. பையைப் பிடுங்கினேன். உள்ளே போய் மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் அவள் பெட்டியைச் சோதித்து இன்னொரு பையையும் எடுத்தார். பக்கத்துப் பாயில் படுக்கும் பெண்ணிடம் அவளைக் கண்காணிக்கச் சொன்னார். அஞ்சலைக்கு என்மேல் கோபம் வரவில்லை. "சரிக்கா. செலக்சன் முடிஞ்சி ஆசை தீர தின்னுக்கறேன்" என்றாள்.

தேர்வு திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஏழு மணிக்கு எடை பார்த்தார்கள். நாற்பத்தெட்டுக் கிலோப் பிரிவில் நானூறு கிராம் குறைவாகவே இருந்தாள். மாஸ்டர் கைதட்டினார். எடை பார்க்கும்வரை தண்ணீரும் குடிக்கவில்லை. அப்புறம் குடித்த குளுக்கோஸ் தண்ணீரும் வாந்தியில் போயிற்று. பதினோரு மணிக்குச் சண்டை. ஐந்து நிமிஷம் முன்னால் ரத்தம் எடுக்க அவள் கையைத் தொட்டேன். ஜூன் மாத வெக்கையில் அந்தக் கை சில்லென்று இருந்தது. பல்லுக்குக் காப்பு மாட்ட அவள் வாயைத் திறந்தபோது ஈறில் கறுப்புத் திட்டுகளைப் பார்த்தேன்.

முதல் சுற்றில் நன்றாகத்தான் ஆடினாள். இரண்டாவது சுற்றில் கை தூக்க முடியவில்லை. எதிரே ஆடிய பெண்ணின் குத்து ஒன்றுகூட இவள் முகத்தில் விழவில்லை. அதை நான் உறுதியாகச் சொல்வேன். இடைவேளையில் முக்காலியில் உட்கார்ந்தாள். மணி அடித்தது. எழுந்திருக்கவில்லை. "எழுந்திரு அஞ்சலை, ஒனக்குத்தான் பயமில்லியே" என்று மாஸ்டர் தோளைத் தட்டினார். அவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள்.

சண்டை முடிந்துவிட்டது என்று நடுவர் கையைக் காட்டினார். சண்டை முடிந்து இரண்டு நிமிஷத்துக்குள் மூன்றாவது ரத்தம். நான் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். "நர்சம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்று கூட்டம் விலகியது. மாஸ்டர் அவள் கையை எடுத்து என்னிடம் நீட்டினார். "சீக்கிரம் ஊசி போடுங்க மேடம்" என்றார். அவளுக்கு மருந்து ஏற்றப் போகிறேன் என்று அவர் நினைத்தார். நான் எடுக்கப் போயிருந்தேன். நரம்பு இல்லை. மூன்று இடத்தில் குத்தினேன். இரண்டு மில்லி கிடைத்தது. அதை ஐஸில் வைத்து, நேரம் எழுதி, பிறகுதான் தலையை நிமிர்த்தி வண்டி கேட்டேன். ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. என் கையெழுத்திலேயே அது நோட்டில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் முதலில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிஷம் கழித்து வந்த டியூட்டி டாக்டர் சின்னப் பெண், படித்து முடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அவள் மெஷின் எதையும் பார்க்கவில்லை. அஞ்சலையின் உதட்டை விரலால் மடித்துப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா இப்படிக் கறுத்துக்கிட்டு வர்றா?"

"மூணு நாலு மாசமா" என்றேன்.

"உப்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுவாளா?"

தலையை ஆட்டினேன். அவள் அதற்குமேல் நிற்கவில்லை. குளுக்கோஸை எடுத்துவிட்டு உப்புநீர் சலைன் ஏற்றச் சொல்லி, கார்டிசாலையே மருந்தாக்கிய ஹைட்ரோகார்டிசோன் ஊசிக்கு ஆள் அனுப்பி, தானும் ஓடினாள். அந்த ஊசி வந்துசேர நேரமாயிற்று. மூன்றரை மணிக்கு அஞ்சலை இறந்துபோனாள்.

அந்த டாக்டர் பெண் கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அட்ரினல் சுரப்பியே வேலை செய்யல. தெனமும் ரெண்டு மாத்திரை போட்டா இருந்திருப்பா. ஒரே ஒரு கார்டிசால் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனா இந்தப் பக்கம் யாரு கார்டிசால் பாக்கறாங்க, சொல்லுங்க."

ஐஸ் பெட்டி என் கையில் இருந்தது.

பிரேதப் பரிசோதனையில் இரண்டு சுரப்பியையும் காசநோய் தின்று சுருக்கியிருந்ததாக வந்தது. இருமல் ஒன்றும் இல்லாமல் உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கிறது. பழைய பாடப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். உடம்பு கறுக்கும், எடை இறங்கும், வாந்தி வரும், நின்றால் தலை சுற்றும், உப்புக்கு ஏங்கும். அந்த வரிகளுக்குக் கீழே நான் மாணவியாக இருந்தபோது போட்ட கோடு இருந்தது. வேறு ஊராக இருந்தால் ஒருவேளை யாராவது கவனித்திருப்பார்கள். உப்பளத்துப் பெண் கறுத்தாள், உப்புத் தின்றாள் என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஜூலையில் கிட் வந்தது. "பெ-3ஐ விட்டுடு" என்றார் சார். முதல் முறையாக அவர் சொன்னதை மீறினேன். கல்யாண மண்டபத்தில் எடுத்த அந்த இரண்டு மில்லியையும் ஓட்டினேன். ஹார்மோனே இல்லாத வெறும் குழாய்க்கு என்ன எண் வந்ததோ, அதே எண் வந்தது. தாளில் பெ-3 என்று எழுதாமல் அஞ்சலை என்று எழுதி அவர் மேஜையில் வைத்தேன். பென்சிலை எடுத்தார். எதுவும் எழுதாமல் வைத்துவிட்டு வெளியே போனார். அடுத்த வருஷம் அவருடைய கட்டுரை வந்தது. அதில் பத்துப் பேர்தான். பதினோராவது ஆளைப் பற்றி அடிக்குறிப்பில் ஒரு வரி இருந்தது: ஒருவர் பாதியில் விலகினார்.

அதற்கெல்லாம் முன்பே, காரியம் முடிந்த வாரம், கன்னியம்மா எங்கள் துறைக்குத் தேடிக்கொண்டு வந்தார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களிடம் "ரத்தம் எடுக்கற பாய்வீட்டு அம்மா" என்றிருக்கிறார். வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் நின்றார். கால் விரல்களில் உப்பு அரித்த புண் இருந்தது.

"டாக்டரம்மா, எம் பொண்ணுகிட்ட ரத்தம் எடுத்தீங்களே, அதுல இன்னா இருந்துச்சு?"

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே பேசினார்.

"ஊர்ல சொல்றாங்க, உப்ப அள்ளி அள்ளித் தின்னுதான் ரத்தம் கெட்டுப்போச்சின்னு. நாந்தாம்மா குடுத்தேன். ஆசையா கேட்டுச்சு. வேல வுட்டு வரும்போது நல்ல உப்பா பாத்து, பையில போட்டு, கேம்புக்குக் கொண்டாந்து நானே குடுத்துட்டுப் போவேன். எங்கையாலயே கொன்னுட்டேனா? நெசத்தச் சொல்லுங்க."

"இல்லம்மா" என்றேன். "நீங்க குடுத்த உப்புதான் அவள அவ்ளோ நாள் நிக்க வச்சுச்சு. அவ நோய்க்கு அதுதான் மருந்து மாதிரி. அது இல்லன்னா முன்னாடியே போயிருப்பா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப நான் கொல்லல?"

"இல்ல."

"அப்புறம் ஏம்மா செத்துச்சு?"

"கடைசி பத்து நாள் உப்பு கெடைக்கல."

"நான் குடுத்துனுதான இருந்தேன்? ரெண்டு பையி குடுத்தேனே. யாரு புடுங்கினது?"

வராந்தாவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன்.

"மாஸ்டரா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அது முழுப் பொய் இல்லை. ஒரு பையை அவர் எடுத்தார்தான். கன்னியம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீயாச்சும் சொன்னியே தாயி. தூங்கவே இல்ல இத்தினி நாளா" என்று அழுதார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாளில் கன்னியம்மாவின் குடியிருப்பு ஆட்கள் முகாமுக்குப் போய் மாஸ்டரை அடித்துத் துரத்தினார்கள். கயிறுகளை அறுத்துப் போட்டார்கள். முகாம் அத்தோடு முடிந்தது. இரண்டாயிரத்து ஆறில் அவரைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரு காதில் கேட்பதில்லை என்றார். எங்கோ காவலாளி வேலை. நான் பேச ஆரம்பித்ததும், "அந்த ஒரு பையி எங்கிட்ட யாரு குடுத்தாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல மேடம். சொல்லவும் மாட்டேன். உப்ப நிறுத்தச் சொன்னது நாந்தான்" என்றார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மரக்காணம் வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு தடவையும் இறங்கவில்லை. கன்னியம்மா போன ஐப்பசியில் இறந்தார். அவர் உயிரோடு இருந்தவரை இதை எழுதும் தைரியம் எனக்கு வரவில்லை. துக்கத்துக்குப் போனேன். பந்தலில் இருந்த பெண்களுக்கு என்னை யாரென்று தெரிந்திருந்தது. கன்னியம்மா சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார். "அஞ்சலை விஷயத்துல உண்மையச் சொன்ன ஒரே ஆளு இந்த அம்மாதான்" என்று ஒருத்தி மற்றவர்களிடம் சொல்லி, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன்.